நாவில் எஞ்சுவது

"மொழி போனால் போகட்டும், சாப்பாடு இருக்கிறதே, பண்பாடு அதில் பிழைத்துக்கொள்ளும்" என்றொரு வாதம் புலம்பெயர்ந்த தமிழரிடையே சில காலமாகப் புழங்கி வருகிறது. பொங்கல் விழா மேடைகளில் கேட்டிருக்கிறோம். நாலு நல்ல புத்தகம் வாசித்தவர்கள்கூட இதைச் சொல்கிறார்கள். பிள்ளைகளுக்குத் தமிழ் வரவில்லையே என்று யாராவது கவலைப்பட்டால், அந்தக் கவலைக்கு முன்னால் ஒரு தட்டு தோசை வைக்கப்படுகிறது. பிள்ளைகள் தோசையை விரும்பிச் சாப்பிடுகிறார்கள், ஆகவே அவர்கள் தமிழர்கள்தான் என்று தீர்ப்பும் எழுதப்பட்டுவிடுகிறது.

இந்தத் தீர்ப்பை நாங்கள் மறுக்கிறோம். மறுப்பதற்காக மொழியியல் நூல்களைத் தேடிப் போகவில்லை. தெற்கு ஆஸ்திரேலியாவில், அடிலெய்ட் நகரிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ ஒரு மணி நேரத் தொலைவில் பரோசா என்றொரு பள்ளத்தாக்கு இருக்கிறது. உலகம் அறிந்த ஒயின் நாடு. அங்கே ஒரு மார்ச் மாதத்தில், திராட்சை அறுவடை நடந்துகொண்டிருந்த நாட்களில், கேரவனை நிறுத்தி நான்கு இரவுகள் தங்கினோம். கடை கடையாக ஏறி இறங்கினோம். வாங்கினோம், சமைத்தோம், சாப்பிட்டோம். மேற்படி வாதத்தை 180 ஆண்டுகளாகச் சோதித்துப் பார்த்துவரும் ஊர் அது. சோதனையின் முடிவு அங்குள்ள ரொட்டிக்கடைகளின் கண்ணாடிப் பெட்டியிலேயே வைக்கப்பட்டிருக்கிறது.

அதற்குள் நுழைவதற்கு முன் ஒரு சிறு சண்டை பாக்கியிருக்கிறது. ஒயின் நாடுகளைப் பற்றித் தமிழில் எழுதப்படும் பயணக் கட்டுரைகளுக்கு இரண்டே அச்சுகள். ஒன்றில், எழுதுபவர் ஒரே பகலில் ஐந்து தோட்டங்களுக்குப் பேருந்தில் அழைத்துச் செல்லப்படுகிறார். ஒவ்வொன்றிலும் ஒரு வாய் சுவைத்துவிட்டு, ஓக் மரத்தின் வாசனையும் கறுப்புப் பழங்களின் சாயலும் புலப்பட்டதாக, அங்கே கொடுத்த துண்டறிக்கையை மொழிபெயர்த்துத் தருகிறார். மற்றதில் எழுதுபவருக்குக் கூச்சம். தான் குடிக்கவில்லை என்பதை முதல் பத்தியிலேயே வீட்டாருக்கு அறிவித்துவிடுகிறார். பிறகு இரண்டு பக்கங்களுக்குச் சைவ உணவு கிடைக்காமல் பட்ட பாடு. கடைசியில் நெடுஞ்சாலையோரப் பஞ்சாபி உணவகம் ஒன்றில் பருப்பும் சோறும் கிடைத்ததும் கட்டுரை சுபமாக முடிகிறது. இந்த இருவரில் எவருமே அந்த ஊரார் வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்று கேட்பதில்லை. காலையில் வந்து மாலையில் கிளம்புகிறவருக்கு அதை அறிய வழியும் இல்லை.

கேரவன் என்றதும் நம் வாசகருக்குப் படப்பிடிப்புத் தளத்தில் நட்சத்திரங்கள் ஓய்வெடுக்கும் குளிர்பதன வண்டி நினைவுக்கு வரலாம். நாங்கள் சொல்வது அதுவல்ல. காரின் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துச் செல்லும் சின்னஞ்சிறு வீடு. இரண்டு அடுப்பு, ஒரு குட்டிக் குளிர்சாதனப் பெட்டி, மடித்தால் மேசை, விரித்தால் கட்டில். ஆஸ்திரேலியாவில் ஓய்வுபெற்ற தம்பதியர் இதை இழுத்துக்கொண்டு மாதக்கணக்கில் கண்டத்தைச் சுற்றுகிறார்கள். எங்களுடையது வாடகை வண்டி. இரண்டு குடும்பங்கள், ஆகவே பக்கத்தில் ஒரு கூடாரமும் அடிக்க வேண்டியிருந்தது. ஒயின் நாட்டின் உணவை அறிய அந்த இரண்டு அடுப்பைவிட நல்ல கருவி இல்லை என்பது எங்கள் அனுபவம். விடுதியில் தங்குகிறவர் உணவகத்துக்குத்தான் போயாக வேண்டும். அங்கே கிடைப்பது விருந்தாளிக்கென்று ஒப்பனை செய்யப்பட்டது. அடுப்பு வைத்திருப்பவர் கசாப்புக் கடைக்குப் போகலாம், "இதை எப்படிச் சமைப்பது?" என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்குத்தான் கடைக்காரர் தன் பாட்டியைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார்.

இந்த விஷயத்தில் தெற்கு ஆஸ்திரேலிய அரசும் எங்களுக்கு உதவியது. மில்டூராவிலிருந்து ரென்மார்க் செல்லும் ஸ்டர்ட் நெடுஞ்சாலையில், மாநில எல்லையைத் தாண்டியதும் யம்பா என்ற இடத்தில் சோதனைச் சாவடி இருக்கிறது. பழ ஈ உள்ளே வந்துவிடக் கூடாது என்பதற்காக, வெளியிலிருந்து கொண்டுவரும் பழங்களையும் காய்களையும் அங்கேயே கைவிட்டுவிட வேண்டும். கட்டுச்சோற்று மரபு வழுவாமல் மெல்பர்னிலிருந்து புறப்பட்டிருந்த எங்களிடம் தக்காளி, பச்சை மிளகாய், கத்தரிக்காய், எலுமிச்சை எல்லாம் இருந்தன. எல்லாம் தொட்டிக்குள் போயின. புளியும் மிளகாய்த்தூளும் அரிசியும் தப்பின. எங்களில் ஒருவர் கடைசி நேரத்தில் எலுமிச்சை ஒன்றை அங்கேயே நின்று பிழிந்து குடித்தார். அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது. அந்தத் தொட்டி மட்டும் இல்லாவிட்டால் சொந்தச் சமையலறையை ஆயிரம் கிலோமீட்டர் இழுத்துச் சென்று, ஆற்றங்கரையில் நிறுத்தி, அதே சாம்பாரைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியிருப்போம்.

திராட்சைக் கொடிகளுக்குக் காவல் இன்னும் கடுமை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை வேரிலேயே அழித்த ஃபைலாக்சரா என்ற பூச்சி பக்கத்து மாநிலமான விக்டோரியாவுக்குள்ளும் நுழைந்தது. தெற்கு ஆஸ்திரேலியா 1899ல் அதற்கென்றே தனிச் சட்டம் இயற்றி எல்லையை அடைத்தது. இன்றுவரை அந்தப் பூச்சி அங்கே கால் வைக்கவில்லை. அதனால்தான் டனுண்டா ஊருக்கு அருகே 1843ல் நட்டதாகச் சொல்லப்படும் ஷிராஸ் கொடிகள் இன்னும் காய்க்கின்றன. 125 வயதைக் கடந்த கொடிகளுக்கு 'மூதாதைக் கொடி' என்று பெயரிட்டு, 2009 முதல் பரோசாவில் தனி வகைப்பாடே வைத்திருக்கிறார்கள். கொடிக்குக் கிடைத்த இந்தப் பாதுகாப்பு அதை நட்டவர்களின் மொழிக்குக் கிடைக்கவில்லை. அதைத்தான் சொல்ல வருகிறோம்.

நாங்கள் வண்டியை நிறுத்திய ஊர் நூரியூட்பா. ஒன்றுகூடும் இடம் என்ற பொருளுள்ள பழங்குடிச் சொல்லிலிருந்து வந்த பெயர் என்பார்கள். சனிக்கிழமை காலையில் பக்கத்து ஊரான ஆங்கஸ்டனில் உழவர் சந்தை கூடுகிறது. 2002ல் தொடங்கிய சந்தை, தகரக் கொட்டகை, விளைவித்தவர்களே விற்கிறார்கள். நாங்கள் போனபோது கடைசித் தக்காளி, முதல் ஆப்பிள், அத்திப்பழம், புதிதாக ஊறவைத்த ஊறுகாய் ஜாடிகள். எல்லையில் இழந்ததை அங்கே மீட்டோம், பச்சை மிளகாய் உள்பட.

அந்த ஊறுகாயைப் பற்றி ஒரு பத்தி எழுதாமல் நகர முடியாது. விரல் நீள வெள்ளரிப் பிஞ்சுகளை உப்புநீரில் போட்டு, சதகுப்பைத் தழையும் திராட்சை இலையும் சேர்த்துப் புளிக்க விடுகிறார்கள். திராட்சை இலையின் துவர்ப்பு வெள்ளரியைக் குழையாமல் வைத்திருக்கும். மாவடு போடும் வீட்டில் வளர்ந்த எவருக்கும் அந்த ஜாடியைத் திறந்ததும் அடிக்கும் வாடை அந்நியமாக இருக்காது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு உப்புக் கணக்கு. அதை எழுதிவைக்காத வைராக்கியமும் உண்டு. ஊர்க் கண்காட்சியில் இந்த வெள்ளரிக்குப் போட்டியே நடக்கிறது. எங்களுக்கு விற்ற முதிய பெண்மணி, தன் மாமியாருடைய ஜாடி பரிசு வாங்கியது என்றும் தன்னுடையது வாங்கவில்லை என்றும் சொன்னார். அவ்வளவு காலம் கழித்தும் குரலில் வருத்தம் இருந்தது.

கசாப்புக் கடையில் மெட்வுர்ஸ்ட் தொங்குகிறது. பூண்டும் மிளகும் சேர்த்த இறைச்சியை வேகவைக்காமலே உப்பிட்டு, மரப்புகையில் பதப்படுத்திய தொத்திறைச்சி. கடைக்குக் கடை சுவை மாறும். எந்தக் கடை உயர்ந்தது என்று ஊருக்குள் தீராத சச்சரவு. ரொட்டிக்கடையில் ஸ்ட்ராய்சல்கூகன்: ஈஸ்ட் மாவின் மேல் வெண்ணெயும் சர்க்கரையும் மாவும் பிசிறி உதிர்த்துச் சுட்ட பணியாரம். டனுண்டாவில் 1924ல் தொடங்கிய ஏபெக்ஸ் ரொட்டிக்கடையில் விறகு அடுப்பு இன்னும் எரிகிறது. பிறகு ரோட்டெ க்ரூட்செ. வடக்கு ஜெர்மனியில் சிவப்புப் பெர்ரிப் பழங்களில் செய்யும் இந்தக் கூழை, பெர்ரி எளிதில் கிடைக்காத பரோசாவில் கறுப்புத் திராட்சைச் சாற்றில் ஜவ்வரிசியைப் போட்டுக் காய்ச்சிச் செய்தார்கள். கேரவன் அடுப்பில் நாங்களும் காய்ச்சினோம். ஜவ்வரிசி கண்ணாடியாகும் கணம் நமக்குத் தெரிந்ததுதானே. அதில் மட்டும் தடுமாறவில்லை. மேலே பாலாடை ஊற்றி, ஆறவிட்டுச் சாப்பிட வேண்டும்.

இந்தப் பட்டியலில் எதுவும் ஒயினுக்குத் துணையாகப் பிறந்ததில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இன்றைய ஒயின் நாட்டுச் சொல்லாடலில் உணவு என்பது கோப்பையின் பணிப்பெண். இந்த ஷிராஸுக்கு இந்த ஆட்டுக்கறி, அந்த ரீஸ்லிங்குக்கு அந்த மீன் என்று ஜோடி சேர்ப்பதே அறிவு எனப்படுகிறது. ஆனால் மெட்வுர்ஸ்டும் ஊறிய வெள்ளரியும் உலர்த்திய முட்டை நூடுல்ஸும் பனிக்காலப் பஞ்சத்துக்குப் பயந்த குடியானவர்களின் சேமிப்பு. பனியே பெய்யாத ஊருக்கு வந்த பிறகும் அந்தப் பயத்தை அவர்கள் விடவில்லை. புகைக்கூண்டு கட்டினார்கள், குளிர்காலத்தில் பன்றி அடித்தார்கள். ஒயின் அவர்களுக்குப் பின்னால் வந்த காசுப் பயிர். ஜோசப் செப்பெல்ட் 1851ல் இங்கே நிலம் வாங்கியது புகையிலை போடத்தான்.

யார் இவர்கள்? பிரஷ்ய மன்னர் மூன்றாம் ஃபிரெடெரிக் வில்லியம் 1817ல் லுத்தரன் திருச்சபையையும் சீர்திருத்தத் திருச்சபையையும் ஒன்றாக இணைத்தார்; 1830ல் புதிய வழிபாட்டு நூலைக் கட்டாயமாக்கினார். மறுத்த போதகர்கள் சிறைக்குப் போனார்கள். சைலீசியாவிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் இருந்த பழைய லுத்தரன்கள், தாங்கள் ஜெபிக்கும் சொற்களை மாற்ற மாட்டோம் என்று ஊரையே விட்டுக் கிளம்பினார்கள். லண்டன் வணிகர் ஜார்ஜ் ஃபைஃப் ஆங்கஸ் கப்பல் செலவுக்குக் கடன் கொடுத்தார். 1838ல் முதல் கூட்டம் தெற்கு ஆஸ்திரேலியாவில் இறங்கியது. 1842ல் பரோசாவின் முதல் ஜெர்மன் ஊரான பெத்தானியன் எழுந்தது. இதை அழுத்திச் சொல்ல வேண்டும்: சொற்களுக்காகக் கடல் கடந்தவர்கள் அவர்கள். சாப்பாட்டுக்காக வந்தவர்கள் இல்லை.

முதல் உலகப் போர் வந்தது. 1917ல் தெற்கு ஆஸ்திரேலிய அரசு 49 லுத்தரன் பள்ளிகளை மூடியது. அதே ஆண்டு பெயர்ச் சட்டம் இயற்றி 69 ஜெர்மன் இடப்பெயர்களை அழித்தது. பெத்தானியன் பெத்தனி ஆயிற்று. அருளால் விடுதலை பெற்ற ஊர் என்ற பொருளில் க்னாடன்ஃப்ரை என்று பெயரிட்டிருந்த இடத்துக்கு மரனங்கா என்ற பழங்குடிச் சொல் வைக்கப்பட்டது. பழங்குடிகளின் நிலத்தை எடுத்துக்கொண்ட அரசு, ஜெர்மானியரைத் தண்டிக்க அவர்களின் சொல்லை எடுத்துக்கொண்டது. பள்ளத்தாக்கின் மேல் நிற்கும் கைசர்ஸ்டூல் மலை, பிரிட்டிஷ் தளபதி கிச்னரின் பெயரில் கிச்னர் மலையாக்கப்பட்டது. பெர்லினர் என்று ஜெர்மானியர் அழைத்து வந்த இனிப்பு ரொட்டிக்கும் கிச்னர் பன் என்று பெயர் மாறியது.

போர் முடிந்தது. 1935ல் ஹான்டார்ஃப் முதலிய சில ஊர்கள் பழைய பெயரைத் திரும்பப் பெற்றன. 1975ல் மலைக்கு மீண்டும் கைசர்ஸ்டூல் என்ற பெயர் வந்தது. பன் மட்டும் இன்றுவரை கிச்னர் பன்தான். தெற்கு ஆஸ்திரேலிய ரொட்டிக்கடைகளில், வயிற்றைப் பிளந்து ராஸ்பெரி ஜாமும் க்ரீமும் அடைத்து, மேலே சர்க்கரை தூவி வைத்திருக்கிறார்கள். அருமையான பண்டம். எங்களில் ஒருவர் நான்கு நாளில் ஐந்து சாப்பிட்டார். எந்தப் பேரரசின் தளபதியை எதிர்த்து ஜெர்மனி போரிட்டதோ அவன் பெயரைச் சுமந்துகொண்டு அந்த ரொட்டி அதே இனிப்போடு இருக்கிறது. பன்னுக்கு ரோஷம் கிடையாது.

எங்கள் வாதம் முழுவதும் இந்த ஒரு வரியில்தான் நிற்கிறது. உணவு எந்தப் பெயருக்கும் உட்படும், எவர் வாய்க்கும் இனிக்கும். அதுதான் அதன் பெருந்தன்மை. அதனாலேயே அதை நம்பி மொழியை ஒப்படைக்க முடியாது. கடையில் எங்களுக்குப் பன்னைக் கட்டிக்கொடுத்த இளம்பெண்ணிடம், இதற்கு முன்பு என்ன பெயர் தெரியுமா என்று கேட்டோம். தெரியாது என்றார். தன் குடும்பமே ஜெர்மன் வழிதான், கொள்ளுத்தாத்தாவுக்கு ஜெர்மன் மட்டும்தான் வசதியாக வரும், பாட்டி கிறிஸ்துமஸ் பாட்டு ஒன்று பாடுவார், தனக்கு எண்கள்கூடத் தெரியாது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நான்கே தலைமுறை. இடையில் ஒரு நாள்கூட அந்த வீட்டில் மெட்வுர்ஸ்ட் இல்லாமல் இருந்திருக்காது. இன்று பரோசா ஜெர்மன் பேசுகிறவர்கள் சில முதியவர்கள்தான். கூடிப் பேசிப் பழக அண்மைக் காலத்தில் சிலர் முயல்கிறார்கள். வாழ்த்துகிறோம். ஆனால் அவர்கள் கூடுவதே தொலைந்துவிட்டது என்று தெரிந்ததால்தான்.

இன்னொரு சான்று. பள்ளிகள் மூடப்பட்ட அதே 1917ல், பரோசா சமையல் புத்தகம் டனுண்டாவில் வெளியாயிற்று. பள்ளத்தாக்கின் பெண்களிடம் குறிப்புகள் சேகரித்து, போர்வீரர் நல நிதிக்காக விற்றார்கள். திரும்பத் திரும்ப மறுபதிப்பு கண்ட நூல், இன்றும் வாங்கலாம். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட நூல். வகுப்பறையில் வாய் மூடப்பட்ட ஆண்டில், சமையலறை எதிரணியின் மொழியில் வாய் திறந்து தன் விசுவாசத்தை நிரூபித்துக்கொண்டது. அந்தப் பெண்களைக் குறை சொல்ல எங்களுக்குத் தகுதியில்லை. வேறு என்ன செய்திருக்க முடியும்? ஆனால் உணவில் பண்பாடு பத்திரமாக இருக்கும் என்கிறவர்கள் அந்தப் புத்தகத்தைப் புரட்ட வேண்டும். அதிலுள்ள பலகாரங்கள் பிழைத்தன.

இந்த வெற்றிடத்தின் மேல்தான் இன்றைய சுற்றுலாத் தொழில் 'உள்ளூர் உணவு' என்ற பலகையை நட்டிருக்கிறது. பலகை பளபளப்பானது. அதில் எழுதாத செய்திகளும் உண்டு. 1980களின் நடுவில் திராட்சை மிகுந்துபோனபோது, கொடியைப் பிடுங்கி எறிய அரசே பணம் கொடுத்தது. இன்று பொன்போல் போற்றப்படும் பழங்கொடிகள் பல அப்போது எரிக்கப்பட்டன. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, விவசாயிகளிடம் இனித் திராட்சை வாங்காதே என்று தான் வேலை பார்த்த நிறுவனம் சொன்னபோது, கொடுத்த வாக்கை மீற மாட்டேன் என்று தனியே நிறுவனம் தொடங்கி அவர்கள் பழத்தை வாங்கிய பீட்டர் லேமனின் கதை பரோசாவில் கிட்டத்தட்டப் புராணம். 2020 இறுதியில் சீனா விதித்த சுங்கவரி, சில புட்டிகளுக்கு 200 விழுக்காட்டையும் தாண்டியது. 2024 மார்ச்சில்தான் நீங்கியது. இடைப்பட்ட காலத்தில் ஆஸ்திரேலியச் சிவப்புத் திராட்சைக்கு என்ன விலை கிடைத்தது என்று சந்தையில் எந்த விவசாயியிடம் கேட்டாலும் சொல்வார். துண்டறிக்கை சொல்லாது. பரோசா உணவை உலகறியச் செய்த மேகி பியர் 1973ல் வெளியிலிருந்து வந்து குடியேறியவர் என்பதையும் சேர்த்தே சொல்லலாம். அவர்மேல் எங்களுக்கு மரியாதை மட்டுமே உண்டு. உண்மையாகவே அங்கே வேர்பிடித்தவர். அயலவர் ஒருவர் வந்து ஓர் ஊரின் உணவை இவ்வளவு திறமையாகப் பேச முடிகிறது என்றால், உணவுக்குப் பிறப்புச் சான்றிதழ் தேவையில்லை என்றுதானே பொருள்?

சந்தையில் இல்லாத ஓர் உணவும் இருக்கிறது. பரோசாவும் அதன் விளிம்புகளும் பெரமங்க், நகஜூரி, கவுர்னா மக்களின் நிலம். 'பாரம்பரியம்' என்று பலகைகள் சொல்லும்போது அது 1842ல் தொடங்குகிறது. நான்கு நாளில் அவர்களுடைய உணவென்று ஒரு கவளத்தைக்கூட நாங்கள் பார்க்கவில்லை. ஆனால் இங்கேதான் எங்கள் வாதத்துக்கு மறுபக்கச் சான்று கிடைக்கிறது. 1838ல் டிரெஸ்டன் லுத்தரன் மிஷன் சங்கம் டைகல்மன், ஷூர்மன் என்ற இரண்டு போதகர்களை அடிலெய்டுக்கு அனுப்பியது. அவர்கள் கவுர்னா மொழியைக் கேட்டு, 1840ல் இலக்கணமும் சொற்பட்டியலும் கொண்ட ஒரு நூல் வெளியிட்டார்கள். கவுர்னாவைச் சரளமாகப் பேசிய கடைசி மனிதராகக் கருதப்படும் இவரிட்ஜி 1929ல் மறைந்தார். அறுபது ஆண்டுகள் கழித்து, அவர்களின் வழித்தோன்றல்கள் அந்த நூலைக் கையில் எடுத்து மொழியை மீட்கத் தொடங்கினார்கள். இன்று கவுர்னாவில் வரவேற்புரை சொல்கிறார்கள், பாடுகிறார்கள், பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறார்கள். நிலம் போய், உணவு போய், ஒரு சிறு நூலில் சொற்கள் மட்டும் எஞ்சியிருந்தன. அந்தச் சொற்களிலிருந்து ஒரு சமூகம் தன்னைத் திரும்ப அழைக்க முடிந்திருக்கிறது. மெட்வுர்ஸ்டிலிருந்து யாராலும் ஜெர்மனைத் திரும்ப அழைக்க முடியவில்லை.

(அந்த டிரெஸ்டன் சங்கம்தான் பிறகு லைப்சிக் மிஷன் ஆயிற்று, தரங்கம்பாடிக்கும் வந்தது. அதன் இயக்குநர் கார்ல் கிரௌல் 1850களில் திருக்குறளை ஜெர்மனில் மொழிபெயர்த்தார். ஒரே வீட்டிலிருந்து கிளம்பிய இரண்டு சாலைகள். ஒன்று நமக்கும் சொந்தம்.)

எங்களுக்கு வரக்கூடிய மறுப்புகளை அறிவோம். பரோசா ஜெர்மானியர் சட்டத்தால் நசுக்கப்பட்டார்கள், நம்மை யாரும் நசுக்கவில்லை, ஆகவே ஒப்பீடு பொருந்தாது என்பார்கள். நமக்கு அது ஆறுதலா, அவமானமா? அவர்களிடமிருந்து மொழியைப் பறிக்க ஓர் அரசும் ஓர் உலகப் போரும் தேவைப்பட்டன. அப்படியும் வீட்டிலும் கோயிலிலும் இன்னும் சில பத்தாண்டுகள் அதைக் காப்பாற்றினார்கள். மெல்பர்னில் நம் தமிழ்ப் பள்ளியை மூட எந்தச் சட்டமும் வரவில்லை. சனிக்கிழமை நீச்சல் வகுப்பு வருகிறது, போதும். 1981ல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை நினைத்து இன்றும் குரல் தழுதழுப்பவர்களின் வீடுகளிலும் இதுதான் நடக்கிறது. எங்கள் வீடுகளிலும்தான்.

நான்கு நாள் சாவகாசமாக ஊர் சுற்ற வாய்த்தவர்களின் ஆடம்பரப் பேச்சு இது என்று இன்னொரு மறுப்பு வரும். கேரவன் பூங்காவில் இடம் பிடிக்கும் செலவு ஒயின் நாட்டு விடுதி அறையைவிட எவ்வளவோ குறைவு என்பது ஒரு பதில். ஐந்து தோட்டங்களை ஒரே பகலில் சுவைத்து முடிப்பவரும் செலவழிக்கத்தான் செய்கிறார், எதையும் கேட்காமல். பன்றியிறைச்சி தின்னாதவர் என்ன செய்வார் என்றால், எங்களில் இருவர் தின்னாதவர்கள். வெள்ளரியும் ரொட்டியும் நூடுல்ஸும் திராட்சைக் கூழும் அவர்களுக்கு நான்கு நாளும் போதுமாயிருந்தன. கசாப்புக் கடையில் அதிகம் பேசியதும் அவர்கள்தான்.

மூன்றாம் இரவு நடந்ததைச் சொல்ல வேண்டும். மறுநாள் கிளம்ப வேண்டும் என்று நினைத்து மிச்சத் திராட்சை முழுவதையும் காய்ச்சிவிட்டோம். பிறகுதான் இன்னும் ஓர் இரவு இருப்பது நினைவுக்கு வந்தது. பரவாயில்லை, பெரிய பாத்திரம் நிறையக் கூழ். எங்கள் கூட்டத்தில் ஆறு வயதுப் பெண் ஒருத்தி இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள். ஜவ்வரிசியைக் கரண்டியில் எடுத்து விளக்கொளியில் பார்த்துவிட்டு, இது நம்முடையதா அவர்களுடையதா என்று கேட்டாள். ஆங்கிலத்தில் கேட்டாள். நாங்கள் நால்வர், வாரந்தோறும் தமிழ் இலக்கியம் பேசக் கூடுகிறவர்கள், அவளுக்கு ஆங்கிலத்திலேயே பதில் சொன்னோம். சொல்லி முடித்த பிறகுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

மேடையில் தோசையைக் காட்டிச் சமாதானம் சொல்கிற நண்பர்கள் எங்களுக்கு மறுப்பு எழுதட்டும். எழுதுவார்கள் என்றே எதிர்பார்க்கிறோம். அதற்கு முன் முடிந்தால் ஒருமுறை அந்தப் பள்ளத்தாக்கில் வண்டியை நிறுத்துங்கள். எலுமிச்சையை எல்லையில் விட்டுவிட்டுப் போங்கள். ஏதாவது ஒரு ரொட்டிக்கடையில் ஒரு கிச்னர் பன் வாங்கிக்கொண்டு, அதன் பழைய பெயர் என்னவென்று கேளுங்கள். என்ன பதில் வந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.